மறு: ஆத்தென்டிகேஷனுக்குத் தமிழில் ‘அங்கீகாரம்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

> அங்கீகாரம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். புழக்கத்தில் உள்ள சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் ஆத்தென்டிகேஷன் (நீங்கள் யார் என்று சரிபார்ப்பது), ஆத்தரைசேஷன் (எதற்கு உங்களை விடலாம் என்று தீர்மானிப்பது) இரண்டுக்கும் அதுவே புழங்குகிறது. பொதுவான கட்டுரையில் இது உறுத்தாது. கணினியைப் பிணையச் சேமிப்பகத்தோடு (பிணையம் வழியே கோப்புகளைப் பகிரும் கருவி) இணைக்க முடியாமல் திண்டாடுபவருக்கு உதவிக் குறிப்பு எழுத உட்கார்ந்தால்தான் இடிக்கிறது. “அங்கீகாரம் தோல்வி” என்று படித்தவர் கடவுச்சொல்லைத் திருத்திப் பார்ப்பதா, கோப்புறையின் அனுமதிகளைப் போய்ப் பார்ப்பதா?

விண்டோஸ் இந்த இரண்டுக்கும் வேறு வேறு பிழை எண் தருகிறது. 1326 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. 5 என்றால், பெரும்பாலும், நீங்கள் யார் என்பதில் சேமிப்பகத்துக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கோப்புறைக்குள் விடத்தான் மறுக்கிறது. லினக்ஸில், சேமிப்பகத்தை இணைக்கும் மவுன்ட் கட்டளை இரண்டுக்கும் 13 என்ற ஒரே எண்ணைக் காட்டிவிட்டு ‘பெர்மிஷன் டினைடு’ (அனுமதி மறுப்பு) என்று நிறுத்திக்கொள்ளும். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவைப் புரட்டினால்தான் ‘லாகான் ஃபெயிலியர்’ (உள்நுழைவுத் தோல்வி) என்றோ ‘ஆக்சஸ் டினைடு’ (அணுகல் மறுப்பு) என்றோ உண்மைக் காரணம் கிடைக்கும். ஆங்கிலம் மட்டும் ஒழுங்கா என்ன? வலைத்தளங்கள் காட்டும் 401 என்ற பிழை எண்ணுக்கு ‘அன்ஆத்தரைஸ்டு’ (அனுமதியற்றது) என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது சொல்வதோ ஆத்தென்டிகேஷன் நடக்கவில்லை என்பதை. ஆத்தரைசேஷன் மறுப்புக்கு இருப்பது 403. அந்தக் குளறுபடியையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இரண்டு சொல் கட்டாயம் வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி சாம்பா, அதாவது லினக்ஸ் கருவிகள் விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் மென்பொருள். அதில் ‘மேப் டு கெஸ்ட்’ அமைப்பை ‘பேட் யூசர்’ என்று வைத்திருந்தால், இல்லாத பயனர் பெயரோடு வருபவரைச் சேமிப்பகம் திருப்பி அனுப்பாது. சத்தமில்லாமல் விருந்தினராக உள்ளே விட்டுவிடும். ஆக, பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தவருக்கு இணைப்பு கிடைக்கிறது, கோப்புறை மட்டும் திறக்க மறுக்கிறது. அவர் அனுமதிப் பட்டியலை வரிவரியாகச் சரிபார்ப்பார். அங்கே எல்லாம் சரியாகவே இருக்கும். முதல் படியில் நடந்த பிழை இரண்டாம் படியில் முகம் காட்டுகிறது என்பதை ‘அங்கீகாரம்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது? நான் எழுதிப் பார்த்தேன், வாக்கியம் நிற்கவில்லை.

> பேசாமல் ‘கடவுச்சொல் தவறு’ என்றே எழுதிவிடலாமே? கலைச்சொல்லே தேவைப்படாது.

திரையில் தோன்றும் செய்திக்குச் சரி. ஆனால் கடவுச்சொல் சரியாக இருந்தும் இந்தப் படி தோற்கும் என்பதுதான் தலைவலி. பழைய சேமிப்பகம் என்டிஎல்எம் என்ற விண்டோஸ் கடவுச்சொல் சரிபார்ப்பு முறையின் முதல் பதிப்பை மட்டும் அறிந்திருக்கும். விண்டோஸ் விஸ்டா முதல் கணினிகள் இயல்பாக இரண்டாம் பதிப்பில்தான் பதில் அனுப்பும். சரியான கடவுச்சொல்லும் அங்கே செல்லாது. கெர்பரோஸ் (சீட்டு வழங்கி அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) உள்ள அலுவலகப் பிணையத்தில் இரு பக்கக் கடிகாரங்களும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், இயல்பு அமைப்பில், அதன் சீட்டு ஏற்கப்படாது. அப்புறம் பின் எண் விவகாரம். தினமும் கணினியைத் திறக்கும் அந்த நான்கு இலக்கம் அந்தக் கருவிக்கு மட்டுமே உரியது, பிணையத்தில் அது எடுபடாது. சேமிப்பகத்தில் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும், உள்நுழைவு விவரங்களைச் சேமித்து வைக்கும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜர் பழையதையே எடுத்து நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அங்கே அந்தப் பதிவை அழித்துவிட்டுத்தான் மறுபடி முயல வேண்டும். இத்தனை காரணத்தையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவர ஒரு சொல் வேண்டாமா?

> ‘ஆளறிதல்’ எப்படி?

சுருக்கமாக இருக்கிறது, காதுக்கும் பிடித்திருக்கிறது. மனிதர் மட்டுமே உள்நுழைவதாக இருந்தால் உடனே கை தூக்கியிருப்பேன். ஆனால் இரவில் காப்புநகல் எடுக்கும் நிரலுக்கும் கணக்கு உண்டு, அது ஆள் இல்லை. கெர்பரோஸில் சேவையகமும் தன்னை யாரென்று நிரூபிக்க முடியும். ‘சேவையகத்தை ஆளறிதல்’ என்று எழுதக் கை வரவில்லை.

‘அடையாளச் சரிபார்ப்பு’ தெளிவானது, ஆனால் தோல்வி, முறை, நெறிமுறை என்று பின்னால் ஏதாவது ஒட்டியதும் தொடர் நீண்டுவிடுகிறது. ‘உறுதிப்பாடு’ தனியாக நின்றால் மன உறுதியா, வாக்குறுதியா என்று கேட்கத் தோன்றும்.

என் பரிந்துரை ‘அடையாள உறுதி’. வினையாக ‘அடையாளத்தை உறுதிசெய்’. நிரல், சேவையகம், மனிதர் மூன்றுக்கும் பொருந்துகிறது. ‘இருகாரணி அடையாள உறுதி’, ‘இருவழி அடையாள உறுதி’ இரண்டும் இயல்பாகவே விழுகின்றன. ஆத்தரைசேஷனுக்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். ‘அனுமதி’ எல்லோருக்கும் தெரியும், கோப்புறை அமைப்புகளிலும் அதைத்தான் பார்க்கிறார்கள். ‘அங்கீகாரம்’ இந்த உதவிக் குறிப்பில் எங்குமே வரக் கூடாது என்பது என் கட்சி.

எடுத்துக்காட்டாக, 1326-க்கான பகுதியின் தலைப்பு “அடையாள உறுதி தோல்வி” என்றும், 5-க்கு “அனுமதி இல்லை” என்றும் இருக்கலாம்.

மிஞ்சுவது 1219. ஒரே விண்டோஸ் அமர்விலிருந்து ஒரே சேமிப்பகத்துக்கு இரண்டு பயனர் பெயர்களில் இணைய முயன்றால் வருவது. கடவுச்சொல் சரி, அனுமதியும் சரி, இருந்தும் இணையாது. ‘நெட் யூஸ்’ கட்டளையால் பழைய இணைப்பைத் துண்டித்தால் போதும். பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுத்தால் விண்டோஸ் அதை வேறு சேவையகம் என்று எடுத்துக்கொள்வதும் பலருக்கும் தெரிந்த குறுக்குவழி. இதை மேலே சொன்ன இரண்டு தலைப்புகளிலும் அடக்க முடியாது. ‘அடையாள மோதல்’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.