மார்புப் புற்றுநோய் வைத்தியம் முடிஞ்ச பத்துப் பேர் மாசம் ஒருக்கா கூடினா என்ன செய்யலாம்?

எழுவான்கரை கேட்டது:

கிழக்கிலங்கையில களுவாஞ்சிக்குடிக்கும் கல்முனைக்கும் இடைப்பட்ட ஊர்கள்ல மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பிரேசன், கீமோ, கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிஞ்சு வீட்டோட இருக்கிற பத்துப் பேரை ஒண்டாச் சேர்க்கிற யோசனை. வயசு 44ல இருந்து 58 வரை. தமிழ் ஆக்களும் முஸ்லிம் ஆக்களும் இருக்காங்க. மாசத்தில ஒரு ஞாயிறு பின்னேரம் கூடலாம்.

தேத்தண்ணி குடிச்சு, அழுது, கலைஞ்சு போற கூட்டமா ஆகக் கூடாது. கையில ஏதும் வேலை இருக்கணும். நாலு விசயம் கேட்கணும்: அக்குள் நிணநீர் முடிச்சு எடுத்ததால கை வீங்கும் எண்டு பயந்து ஒரு வாளி தண்ணி கூடத் தூக்காம இருக்கிறவங்களுக்கு என்ன சொல்ற? நோய் திரும்பாம இருக்கக் குடுக்கிற அஞ்சு வருச ஹோர்மோன் குளிசையை இடையில விடாம எப்படிப் பார்க்கிற? எடுத்த மார்புக்குப் பதிலா பிராவுக்குள்ள வைக்கிற சிலிக்கோன் மார்பு வாங்க வசதி இல்லாதவங்களுக்கு வீட்டில தைக்கலாமா? சாப்பாட்டில எதை உண்மையாவே மாத்தணும்?

கைப்பயிற்சி சொன்னது:

முதல் கூட்டத்துக்கு ஒரு தையல் டேப், ஒரு பேனை, ஒரு சி.ஆர். கொப்பி (தடிச்ச மட்டைக் கொப்பி) போதும். கை அளக்கிறதை முதல் வேலையா வையுங்க. தன்ட கையைத் தானே அளந்தா டேப் சரியும், ஒவ்வொரு முறையும் வேற அளவு காட்டும். அளக்க இன்னொராள் வேணும். நீங்க கேட்ட "கைவேலை" இதுதான்.

மேசையில கையை நீட்டி, உள்ளங்கை கீழ பார்க்க வைக்கிற. மணிக்கட்டில சின்னவிரல் பக்கம் துருத்தி நிக்கிற எலும்புதான் பூச்சியம். அதில இருந்து மேல 10, 20, 30, 40 செ.மீ. தூரத்தில பேனையால புள்ளி போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் சுற்றளவு எடுக்கிற. ரெண்டு கையும். கட்டையான கை எண்டா 40 அக்குளுக்குள்ள போயிரும், 35ல நிப்பாட்டுங்க, ஆனா அடுத்த மாசமும் அதே 35தான். டேப் தோலைத் தொடணும், அமத்தக் கூடாது. சரிஞ்சும் நிக்கக் கூடாது. துணி டேப் நாள்பட நீளும், வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. எப்பவும் ஒரே ஆள், ஒரே நேரம். காலமை ஒருக்கா, அடுத்த முறை வெயிலுக்குள்ள நடந்து வந்த உடன ஒருக்கா அளந்தா அந்தக் கணக்கு ஒண்டுக்கும் உதவாது.

மறுகா கணக்கு. வலக்கைக்காரருக்கு வலது கை இயற்கையாவே ஒள்ளம் பருமன். அதால முதல் நாள் வித்தியாசத்தை எழுதி வையுங்க. உதாரணமா ஒரு புள்ளியில இடது 26, வலது 26.5. மூணு மாசத்தில இடது 28.5, வலது அதே 26.5 எண்டா ஒப்பிரேசன் செய்த பக்கத்துக் கை 2.5 கூடியிருக்கு. 2 செ.மீ. கூடினாலே கிளினிக்குக்குப் போகணும். ரெண்டு கையும் சேர்ந்து கூடினா அது பெரும்பாலும் உடம்பு நிறை. அதனால நிறையையும் அதே பக்கத்தில எழுதுங்க. காப்பு இறுகுது, சட்டைக்கை பிடிக்குது, கை பாரமா இருக்கு எண்டு ஒராள் சொன்னா 2 செ.மீ. வருமட்டும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்ல. அக்குளுக்குள்ள நிணநீர் முடிச்சுகளை மொத்தமா எடுத்தவங்களுக்கும் அந்த இடத்துக்குக் கதிர் பிடிச்சவங்களுக்கும் ஆபத்துக் கூடுதல். ஒண்டு ரெண்டு முடிச்சு மட்டும் எடுத்துப் பார்த்தவங்களுக்குக் குறைவு. ஆசுப்பத்திரியால வீட்டுக்கு விடேக்க தாற துண்டு வெட்டின அட்டையிலயும் பயொப்சி ரிப்போட்டிலயும் எத்தனை முடிச்சு எடுத்தது எண்டு இருக்கும். நிறை கூடுறதும் வீக்கத்துக்கு வழி விடும்.

பாரம் தூக்கிற கதைக்கு வாறேன். "வாழ்நாள் முழுக்க ஒண்டும் தூக்காதே" எண்டது பழைய புத்தி. 2009ல அமெரிக்காவில வெளியான ஆய்வில, ஏற்கனவே கை வீங்கின 141 பெண்களைப் பார்த்தாங்க. கிழமைக்கு ரெண்டு நாள் ஆறுதலாக் கூட்டிக் கூட்டிப் பாரம் தூக்கினவங்களுக்கு வீக்கம் கூடல்ல, வீக்கம் திடீரெண்டு மோசமாகிறது குறைஞ்சது. தூக்காத கை பலம் குறைஞ்சு போகும், மறுகா ஒரு நாள் அவசரத்துக்கு எட்டுக் கிலோ அரிசிப் பையைத் தூக்கினா அதுதான் கையைக் கெடுக்கும்.

அரை லீற்றர் தண்ணிப் போத்தல் அரைக் கிலோ. அதில தொடங்குங்க. முழங்கை மடக்கல், பக்கவாட்டில தோள் மட்டம் வரை உயர்த்தல், சுவரில கை ஊண்டித் தள்ளல். ஒவ்வொண்டும் 10 தரம், ரெண்டு சுற்று, கிழமைக்கு ரெண்டு நாள், நடுவில ஒரு நாளாவது ஓய்வு. ரெண்டு கிழமையாக் கை பாரமாவோ இறுக்கமாவோ இல்லாட்டி முக்கால் கிலோ, மறுகா ஒண்டு. கலியாண வீடு, காய்ச்சல் எண்டு மூணு நாலு கிழமை விட்டுப்போனா விட்ட இடத்தில தொடங்கக் கூடாது, கீழ இறங்கித் தொடங்கணும். கனபேர் பிழை விடுறது இதிலதான். ஏற்கனவே வீக்கம் உள்ளவங்க அளவெடுத்த அழுத்தக் கையுறை (வீக்கம் கூடாம கையை இறுக்கிப் பிடிக்கிற இழுவைத் துணி உறை) போட்டுத்தான் செய்யணும். ஒப்பிரேசன் கிட்டடியில எண்டா சத்திரசிகிச்சை டொக்டரைக் கேட்டிட்டு.

கிணத்தில அள்ளுறது எண்டா சின்ன வாளி, ரெண்டு கை, சட்டெண்டு இழுக்காம. தேங்காய் துருவலாம், இடியப்பம் பிழியலாம், பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கையை இறக்கி விரல்களை மடக்கி விரிச்சாப் போதும். மீன் வெட்டேக்க மட்டும் ரப்பர் கையுறை கட்டாயம். கெளுத்தி முள்ளுக் குத்தின சின்னக் காயத்தால கிருமி போகும். கை சிவந்து, சூடாகி, குளிரோட காய்ச்சல் வந்தா அண்டைக்கே ஆசுப்பத்திரி, நுண்ணுயிர் கொல்லி மருந்து தேவை. அந்த நேரத்தில எண்ணெய் பூசி உருவி விடவே கூடாது.

கிளினிக்_கொப்பி சொன்னது:

குளிசை விசயம். ஆர் எந்தக் குளிசை எண்டு முதல்ல பிரியுங்க. தமொக்சிஃபென் 20 மி.கி. ஒரு வகை. மாதவிடாய் நிண்டவங்களுக்குக் கூடுதலாக் குடுக்கிற லெட்ரொசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரொசோல் 1 மி.கி. இன்னொரு வகை. பக்கவிளைவு வேற வேற, அதால "எனக்கு வராதது உனக்கு எப்படி?" எண்ட வாக்குவாதம் வரும். ஹோர்மோன் ஏற்பி இல்லாத புற்றுநோய்க்கு இந்தக் குளிசையே இல்ல, அவங்களை "நீ ஏன் போடல்ல?" எண்டு பயப்படுத்த வேண்டாம்.

கூட்டத்தில கேட்க வேண்டிய கேள்வி "குளிசை போடுறீங்களா?" இல்ல. அதுக்கு எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. "இப்ப எத்தனை மிச்சம்?" எண்டு கேளுங்க. பத்துக்குக் கீழ எண்டா அடுத்த கிளினிக் திகதியைப் பாருங்க. போயா, தேர்தல், மாரி வெள்ளம் எல்லாம் கிளினிக் நாளில வந்து விழும். ஒரு நாள் மறந்தா அடுத்த நாள் ரெண்டு போடக் கூடாது. நோன்பு காலத்தில தமொக்சிஃபென் ஒரு வேளைக் குளிசைதான், ஸஹருக்கோ (விடிய முந்தின சாப்பாடு) நோன்பு திறந்த பிறகோ மாத்திக்கொள்ளலாம். அதுக்காக ஒரு மாசம் நிப்பாட்டத் தேவையில்ல.

உடம்பு திடீரெண்டு கொதிச்சு வேர்க்கிறது பெரிய தொல்லை. கொதிக்கிற தேத்தண்ணி, உறைப்பு, நைலோன் சட்டை இவை கூட்டும். குளிசையைக் காலமையில இருந்து இரவுக்கு மாத்திப் பார்க்கலாம். தாங்க ஏலாட்டி மருந்து இருக்கு, ஆனா ஒரு எச்சரிக்கை: பரொக்சிடீன், ஃபுளுவொக்சிடீன் எண்ட மனச்சோர்வுக் குளிசைகள் தமொக்சிஃபென் உடம்பில வேலை செய்யிற வடிவத்துக்கு மாறுறதைத் தடுக்கும். வேற டொக்டர் நித்திரைக்கோ மனசுக்கோ மருந்து எழுதினா, தமொக்சிஃபென் போடுறதைச் சொல்லச் சொல்லுங்க. வென்லஃபக்சின் போல மாற்று இருக்கு.

தமொக்சிஃபென் போடுற ஆளுக்கு மாதவிடாய் நிண்ட பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் சொல்லணும், கருப்பை உட்சுவரைப் பார்க்கணும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தா, திடீரெண்டு மூச்சு முட்டினா, அடுத்த கிளினிக் வரை இருக்காம அவசரப் பிரிவு. 44, 45 வயசுக்காரருக்கு மாதவிடாய் வராமலே கருத் தங்கலாம். கருத்தடை ஊசியும் ஹோர்மோன் கருத்தடை மாத்திரையும் கூடாது, கருப்பைக்குள்ள வைக்கிற செம்பு லூப் பற்றி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில கேட்கலாம்.

லெட்ரொசோல் வகையில மூட்டு நோவும் எலும்பு தேய்வும். மூட்டு நோவுக்குப் படுத்திருந்தா கூடும், நடந்தாத்தான் குறையும். எலும்பு அடர்த்தி ஸ்கான் எடுத்ததா எண்டு கேளுங்க. கல்சியம் காபனேற் குளிசையைச் சாப்பாட்டோட போடணும், இரும்புக் குளிசையோட சேர்த்துப் போடக் கூடாது.

பொம்பிளைகள் டொக்டரிட்டக் கேட்க வெட்கப்படுறது பெண்ணுறுப்பு வறட்சி. ஹோர்மோன் இல்லாத, தண்ணி சார்ந்த வழுக்கல் மருந்து இருக்கு. தேங்காயெண்ணெயும் பாவிக்கிறாங்க, ஆனா அது ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழிய வைக்கும். ஈஸ்ட்ரஜன் கிறீமைத் தானா வாங்கிப் பூச வேண்டாம்.

தறியும்_ஊசியும் சொன்னது:

தங்கச்சி, தைக்கலாம். மருதமுனைக் கைத்தறியில கழுவிக் கழுவி மெதுவான பழைய பருத்தித் துண்டு இருந்தா அதைவிட நல்லது இல்ல.

முன்பக்கத்துக்கு 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம். அதில அஞ்சில ஒரு பங்கை அப்பத் துண்டு மாதிரி வெட்டி எடுத்து, ரெண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைச்சாக் கூம்பா எழும்பும். பின்பக்கத்துக்கு 16 செ.மீ. வட்டம். எல்லாத் தையலும் ஒரு செ.மீ. உள்ளுக்க, அப்பதான் ரெண்டு விளிம்பும் பொருந்தும். கீழ ஒரு விரலளவு வாய் விட்டு நிரப்புற. சராசரி அளவுக்கான கணக்கு இது. பெரிய ஆளுக்கு ரெண்டு வட்டத்தையும் ரெண்டு ரெண்டு செ.மீ. கூட்டுங்க.

முழுக்கக் கடுகு நிரப்பினா 200 கிராம் பிடிக்கும், ஆனா கல்லு மாதிரி நிக்கும். 120 கிராமளவு கடுகை இன்னொரு மெல்லிய பையில கட்டிக் கீழ வைச்சு, மேல செயற்கைப் பஞ்சு. கண்ணாடிக்கு முன்னால பிராவோட நிண்டு ரெண்டு தோளும் ஒரு மட்டமா எண்டு பார்த்துப் பாரத்தைக் கூட்டணும். பாரம் போதாட்டி அந்தப் பக்கப் பிரா மேல ஏறும், கழுத்தும் முதுகும் நோகும். வலைக்குக் கட்டுற ஈயக் குண்டு வைக்கிறது நஞ்சு, வேண்டாம்.

நம்மட வேர்வைக்குக் கடுகு பூஞ்சணம் பிடிக்கும். அதாலதான் தனிப் பை. கிழமைக்கு ஒருக்கா உறையைக் கழுவி, கடுகை வெயில்ல காய வைச்சு, ரெண்டு மூணு மாசத்தில மாத்துங்க. பிரா உள்பக்கம் பக்கவாட்டில திறக்கிற பருத்திப் பை தைச்சா, குனிஞ்சாலும் தொழுகையில சுஜூது செய்தாலும் வெளிய வராது.

ஒப்பிரேசன் முடிஞ்சு முதல் ஆறு எட்டுக் கிழமைக்குப் பாரமே கூடாது, பஞ்சு மட்டும். கதிர் பிடிக்கிற காலத்திலயும் அப்படித்தான்.

எழுவான்கரை:

ராத்தா, அடுத்த கூட்டமே தையல் கூட்டம்தான். இன்னும் ரெண்டு. வாட்ஸப் குறூப் போட்டா முள்ளுச் சீத்தா இலைக் கஷாயம்தான் வந்து குவியுது. மற்றது, மகளுக்குக் கலியாணம் பேசுற வீடுகள்ல வெளிய தெரியக் கூடாது எண்டு பயப்படுறாங்க.

வாவிக்கரை சொன்னது:

குறூப்புக்குப் பேர் வைக்கேக்க புற்றுநோய் எண்ட சொல்லே வேண்டாம். "ஞாயிறு தையல்" எண்டு வையுங்க. ஆர் வந்தது, ஆருக்கு நோய் எந்தக் கட்டம் எண்டு வெளிய போகக் கூடாது எண்டது முதல் நாளே எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒண்டு. கொப்பியில பேருக்குப் பதிலா இலக்கம் எழுதுங்க. மார்புப் புற்றுநோயில பரம்பரையா வாறது நூற்றுக்கு அஞ்சு பத்துத்தான், இதையும் வீட்டாருக்குச் சொல்லலாம். ஒரே குடும்பத்தில ரெண்டு மூணு பேருக்கு, அல்லது இளவயசில வந்திருந்தா, மகள்மார் எப்ப பரிசோதிக்கத் தொடங்கணும் எண்டதைக் கிளினிக்கில கேட்கணும்.

முள்ளுச் சீத்தா புற்றுநோயை மாத்தினதா மனிசரில செய்த ஆய்வு ஒண்டும் காட்டல்ல. நெடுநாள் குடிச்சவங்களுக்கு நடுக்க வாதம் போல ஒரு நரம்புக் கோளாறு வந்ததைக் கரீபியன் தீவுகள்ல பதிஞ்சிருக்காங்க. குடிக்கிறவரோட சண்டை பிடிக்காதீங்க. "குளிசையை விட்டிட்டுக் குடிக்கிறியா?" எண்டு மட்டும் கேளுங்க, அதுதான் அவசரம்.

சாப்பாட்டில அதிசயம் ஒண்டும் இல்ல. நிறை கூடாமப் பார்க்கிறதுதான் பெரிய வேலை. கோப்பைச் சோறு பாதியாகி, அந்த இடத்தில முருங்கை இலை வறை, பயறு, மீன் வரணும். முள்ளோட தின்னுற நெத்தலி, குரக்கன், நம்மட எருமைத் தயிர் (சீனி, பாணி இல்லாம) கல்சியத்துக்கு. மூணு தேத்தண்ணிக்கு ரெண்டு ரெண்டு கரண்டி எண்டா நாளுக்கு ஆறு கரண்டி சீனி, அதைக் கிழமைக்கு ஒரு கரண்டியாக் குறைச்சு இறக்கினா நாக்குப் பழகிரும். சோயா கூடாது எண்டது வதந்தி, சோயா மீற் அளவாச் சாப்பிடலாம். சோயாவில இருந்து எடுத்த கப்சூல்தான் வேண்டாம். வெத்திலையோட போயிலை போடுறதை நிப்பாட்டணும்.

நடை: கிழமைக்கு 150 நிமிசம், அஞ்சு நாள் அரை மணி. கதைக்க ஏலும், பாட ஏலாது எண்ட வேகம். ரெண்டு ரெண்டு பேராச் சோடி சேருங்க. ஒராள் கேற்றடியில வந்து நிண்டா மற்றவ செருப்பைப் போட்டுத்தான் ஆகணும். கடற்கரை மணல் வேண்டாம், கீமோவால பாதம் மரத்தவங்க காலைப் புரட்டிருவாங்க. விடியக்காலமை கிறவல் இல்லாத ரோட்டு, குதி பிடிக்கிற சப்பாத்து.

ஒண்டு கசப்பானது. பத்துப் பேரில ஒருவருக்கு நோய் திரும்பி வரலாம். அண்டைக்கு மற்ற ஒம்பது பேரும் பயத்தில ஒதுங்கினா அவ தனிச்சுப் போவா. கொழும்புக்கு, மகரகமைப் புற்றுநோய் ஆசுப்பத்திரிக்குப் போகேக்க ஆர் கூடப் போற, ஆர் வீட்டில சமைச்சுக் குடுக்கிற எண்டு முதல் மூணு மாசத்துக்குள்ளயே, ஆருக்கும் ஒண்டும் வராத நேரத்தில, பேசி எழுதி வையுங்க.

எழுவான்கரை:

கடைசியா, கச்சான் காத்து அடிக்கிற வெக்கைக்குள்ள அந்த அழுத்தக் கையுறையைப் போட ஏலாது எண்டு கழட்டி வைக்கிறாங்களே?

கைப்பயிற்சி:

விடியக் கட்டிலால எழும்பின உடன, வீக்கம் இறங்கி இருக்கேக்க போடச் சொல்லுங்க. பத்து மணிக்கு வேர்வையில போட்டா ஏறாது. எண்ணெய், கிறீம் பூசிப் போடக் கூடாது, ரப்பர் கையுறை போட்ட மற்றக் கையால ஆறுதலா உருவி ஏத்தணும். கூட்டத்தில ஒருத்திக்கு ஒருத்தி போட்டுக் காட்டுங்க. மேல்விளிம்பு சுருண்டு கயிறு கட்டின மாதிரி நிண்டா நன்மையை விடக் கெடுதி, அது அளவு பிழை எண்டு அர்த்தம், அடுத்தவவின்ரதை இரவல் வாங்கிப் போட்டா இப்படித்தான் வரும். ரெண்டு இருந்தா மாத்தி மாத்திப் போடலாம். இரவில சவுக்காரத்தில மெதுவாக் கழுவி, முறுக்காம, நிழல்ல காயப் போடணும். வெயில்ல போட்டா இழுவை செத்துப் போகும். ஆறு மாசத்தில எப்படியும் புதுசு வேணும், அதனால வாங்கின திகதியை உள்பக்க விளிம்பில மார்க்கர் பேனையால எழுதச் சொல்லுங்க.