குராசோவில் ஒரு நாள்: பெற்றோரோடு நிதானமாகப் பார்க்க என்ன இருக்கிறது?

கும்பகோணத்தான்:
அப்பா, அம்மாவோடு மியாமியிலிருந்து கரீபியன் கப்பலில் போகிறோம். குராசோ தீவில் ஒரு பகல் முழுக்க நிற்கும். அப்பாவுக்கு மூட்டுவலி, அம்மா சுத்த சைவம். அலையாமல் என்ன பார்க்கலாம்? அன்று ராத்திரி கப்பலிலேயே தனியாகக் காசு கட்டிச் சாப்பிடும் ரெஸ்டாரண்ட் எடுக்கலாமா?

மன்னார்குடி அக்கா:
டூர் பஸ் வேண்டாம் தம்பி. குராசோவின் தலைநகர் வில்லெம்ஸ்டாட்டில் குயீன் எம்மா பாலம் ஒன்றே போதும். 1888இல் வந்த மிதவைப் பாலம். கப்பல் வரும்போது மணி அடித்து, பாலமே கதவு மாதிரி ஒரு பக்கமாக விலகும். பாலத்தின் மேல் நின்றுகொண்டே பார்க்கலாம், காலடியில் பலகை லேசாக அசையும். ஆரஞ்சுக் கொடி என்றால் விலகிய பாலம் சீக்கிரம் பழையபடி சேர்ந்துவிடும், நீலக் கொடி என்றால் நேரமாகும். அப்போது அக்கரை போக இலவசப் படகு உண்டு. கல்லணையில் மதகு திறப்பதைப் பார்க்க நிற்கிற நம்மூர்க்காரர்களுக்கு அங்கே பொழுது போவதே தெரியாது.

சாப்பாட்டுக்கு ஸ்டேக் ஹவுஸ் வேண்டாம், இத்தாலியன் எடுங்கள். ஆனால் அசல் பார்மெசான் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதி சேர்ப்பார்கள். ரிசோட்டோ என்கிற அரிசிச் சாப்பாட்டை பெரும்பாலும் கோழி வேகவைத்த சாறில்தான் (சிக்கன் ஸ்டாக்) வேக வைப்பார்கள். இரண்டையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அம்மா நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

திருவையாறு சார்:
அக்கா சொன்னது சரி. குளிர்காலத்தில் மியாமியைவிட குராசோ ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். செல்போனை நம்பாமல், கப்பலில் அறிவிக்கும் நேரத்தையே கைக்கடிகாரத்தில் வையுங்கள்.

கும்பகோணத்தான்:
ரொம்ப நன்றி அக்கா, சார். பாலத்துப் பக்கம் அப்பா உட்கார பெஞ்சு இருக்குமா?