பழனி மலைச் சோலைப் பறவையை அடையாளம் காண உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். ஜனவரி மாத மாலையில், பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானலில் பேரிஜம் ஏரிக்குச் செல்லும் வழியை ஒட்டிய சோலைக்காட்டின் (உயர்மலைப் பசுமைக்காட்டின்) ஓரத்தில், சிட்டுக்குருவி அளவேயான ஒரு பறவையைப் படம் எடுத்தேன். அது எந்த இனம் என்று உறுதி செய்ய முடியவில்லை.

முதுகும் மார்பும் கருநீலம், வயிற்றின் நடுவில் வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிறிய சிறு கோடு. ஈர மண்ணில் தத்தித் தத்தி இரை தேடியது. சத்தம் கேட்டதும் புதருக்குள் மறைந்துவிட்டது. இதுவரை பார்த்தால் வெண்வயிற்றுச் சோலைக்கிளியேதான் (பெயரில் கிளி இருந்தாலும் இது கிளி இனமல்ல). ஆனால் படத்தில் விலாப்பகுதி செம்பழுப்பாகத் தெரிகிறது. செம்பழுப்பு விலா கொண்ட நீலகிரிச் சோலைக்கிளி மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழ்வது. பழனி மலையில் வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு விலாவும் நீலமாக இருக்க வேண்டும். இமயமலையிலிருந்து குளிர்காலத்தில் வரும் இந்திய நீலச்சிட்டோ என்றும் யோசித்தேன். அதன் ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சளாக இருக்கும், இதற்கு அப்படியில்லை.

கேமரா நிக்கான் பி900. வெளிச்சம் மிகக் குறைவு. படத்தின் வண்ணச் சமநிலையை மாற்றிப் பார்த்தேன், கள வழிகாட்டி நூல்களோடு ஒப்பிட்டேன், செயலி ஒன்றிலும் ஏற்றினேன். அது ஒவ்வொரு படத்துக்கும் வேறு பெயர் சொல்கிறது. குரல் பதிவு கிடைக்கவில்லை. சோலைகளை விட்டு வெளியேறாத பறவை என்பதால், தவறான பெயரில் பதிவேற்ற எனக்கு மனமில்லை.

மங்கிய மாலை வெளிச்சத்தில் வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் விலா இப்படிச் செம்பழுப்பாகத் தெரிவதை உங்களில் யாரேனும் நேரில் கண்டதுண்டா?