கலைச்சொல் வேண்டும்: கூடைப்பந்து ‘டிராஃப்ட்’டும் அதை முன்கூட்டிச் சொல்லும் பட்டியலும்

14 மே 2025
வ., ஸ்கார்பரோ

குழுவினருக்கு வணக்கம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எனக்குப் பதினொரு மாணவர்கள். எல்லோருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டேன். பொங்கல், என் அம்மம்மா, நான் பார்த்த ஊர் என்று தலைப்புகளை அடுக்கியும் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன், ‘ராப்டர்ஸ் இந்த முறை யாரை எடுக்கும் என்று எழுதலாமா, டீச்சர்?’ என்றான். ராப்டர்ஸ் எங்கள் டொராண்டோவின் என்பிஏ கூடைப்பந்து அணி. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

எந்த அணி எத்தனையாவதாக ஆள் எடுக்கும் என்பதற்கான குலுக்கல் இந்த மாதம் 12ஆம் தேதி சிகாகோவில் நடந்தது. டொராண்டோவுக்கு ஒன்பதாவது இடம். ஜூன் 25 அன்று புரூக்ளினில் டிராஃப்ட். எங்கள் மலர் ஜூன் 20 அன்று அச்சுக்குப் போகிறது. அதற்குள் மூன்று சொற்கள் வேண்டும். ஒன்று, அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி எடுக்கும் டிராஃப்ட். இரண்டு, அது நடப்பதற்கு முன் ‘இந்த அணி இவரை எடுக்கும்’ என்று ஒன்று முதல் கடைசி வரை எழுதிப் பார்க்கும் மாக் டிராஃப்ட். மூன்று, அணியில் எந்த இடத்துக்கு ஆள் போதவில்லை என்பதைச் சொல்லும் சொல்.

சொல் இல்லாததால் பிள்ளைகள் தாங்களே ஆக்கிக்கொள்கிறார்கள். ஒருவன் ‘ராப்டர்ஸுக்கு உயரமான நடுவர் தேவை’ என்று எழுதியிருந்தான். சென்டர் என்ற ஆட்டக்காரரைச் சொல்கிறான். நடுவர் என்றால் விசில் ஊதுபவர் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. நடுவில் நிற்பவர் நடுவர் என்று அவன் நினைத்ததில் பிழை என்ன? அவனுக்கு நாம் ஒரு சொல் கடன்பட்டிருக்கிறோம்.

15 மே
பா., பெங்களூரு

ஏலம் என்றே எழுதலாமே. ஐபிஎல், புரோ கபடி இரண்டுக்கும் நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன. படிக்கிறவருக்கு உடனே புரியும்.

15 மே
கி., கோயம்புத்தூர்

ஏலம் கூடவே கூடாது. ஏலத்தில் பணம் பேசும். என்பிஏவில் அணிகள் பணத்தைக் கூட்டிக் கேட்பதில்லை. முந்தைய பருவத்தில் தோற்றவர்களுக்கு முன்னிடம். வரிசைப்படி ஒவ்வோர் அணியும் ஓர் ஆளை எடுக்கும். முதல் சுற்று வீரருக்கு எந்த இடத்துக்கு எவ்வளவு சம்பளம் என்பதற்குத் தனி அட்டவணையே உண்டு. மெலிந்த அணிக்குக் கைகொடுப்பதற்காக ஏற்பட்ட முறைக்கு, பணக்கார அணிக்கு வாய்ப்பான முறையின் பெயரைச் சூட்டினால் பிள்ளை அடிப்படையையே தப்பாகப் புரிந்துகொள்வான்.

16 மே
ம.சா., மதுரை

அம்மா வ. அவர்களுக்கு,

சொல் கைவசம் இருக்கிறது: வரைவு. ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் என்று நான் இதைச் சொல்லவில்லை. ஆவணத்தின் முதற்படியை வரைவு என்பது பிற்கால வழக்கு. அகத்திணையில் வரைவு என்றால் மணம். தலைவியைத் தனக்கே உரியவளாகக் கொள்ளுதல். தலைவனை மணத்துக்குத் தூண்டும் ‘வரைவு கடாதல்’ என்னும் துறை எல்லோரும் படித்ததுதான். குறள் 150இல் ‘அறன்வரையான்’ என்பதற்குப் பரிமேலழகர், அறத்தைத் தனக்கு உரித்தாகச் செய்யாதவன் என்று பொருள் கொள்கிறார். அதே குறளில் ‘பிறன்வரையாள்’ என்பது பிறனுடைய எல்லைக்குள் இருப்பவளைக் குறிக்கிறது. ஒருவரைத் தனக்கென்று கொள்வதும், கொண்டபின் பிறர் நெருங்க முடியாத எல்லைக்குள் வைப்பதும் ஆகிய இரண்டும் ஒரே வேரில் இருக்கின்றன. ஓர் அணி ஒருவரை எடுத்தபின் வேறு அணி அவரோடு ஒப்பந்தம் பேச முடியாதாம். அதுதான் வரைவு.

வரை, வரம்பு, வரப்பு, வரிசை எல்லாவற்றையும் ஒரே கொடியின் கிளைகளாகவே நான் காண்கிறேன். வரிசைப்படி எடுப்பது என்ற கருத்தும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

16 மே
தே., யாழ்ப்பாணம்

பேராசிரியர் ஐயாவின் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், மகிழ்ந்தேன். ஆனால் இந்த ஆண்டின் முன்னணி இளம் வீரரைப் பற்றி ‘கூப்பர் ஃபிளாக் வரைவு செய்யப்பட்டார்’ என்று நாளிதழில் பார்த்தால் யாருக்கு விளங்கும்? வரைவு மசோதா, வரைவு வாக்காளர் பட்டியல் என்று கண் பழகிவிட்டது. வரைவுப் பட்டியல் என்றால் இன்னும் முடிவாகாத பட்டியல். இங்கேயோ அன்றைக்கு வாசிக்கப்படும் பெயர்தான் முடிவு.

எங்கள் பக்கத்தில் தெரிவு என்ற சொல் உயிரோடு இருக்கிறது. நாடாளுமன்றத் தெரிவுக்குழு என்கிறோம். அணிக்குத் தெரிவானார் என்கிறோம். முதலாம் சுற்றுத் தெரிவு, இரண்டாம் சுற்றுத் தெரிவு என்று எழுதினால் தடங்கல் இல்லை. வ. அக்காவின் மாணவர்களில் பலருக்கு வீட்டில் கேட்ட சொல்லாகவும் இருக்கும்.

17 மே
கி., கோயம்புத்தூர்

தெரிவு தமிழ்நாட்டில் தேர்வு ஆகிவிட்டது. தேர்வு என்றால் பரீட்சை. மாக் டிராஃப்டை ‘மாதிரித் தேர்வு’ என்று எழுதினால் என் மாணவர்கள் பொதுத்தேர்வுக்கு முன் வரும் கணக்குப் பரீட்சையைத்தான் நினைப்பார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். திடலில் இரண்டு பையன்களைத் தலைவர்களாக நிறுத்தி ‘ஆள் எடுங்கள்’ என்பேன். இவன் ஒருவனை எடுப்பான், அவன் ஒருவனை எடுப்பான். கடைசியில் நிற்கிறவன் காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருப்பான். என்பிஏ செய்வது இதையேதான். ஆளெடுப்பு என்று சொல்லுங்கள். பட்டாளத்துக்கு ஆளெடுப்பு என்று முன்பே சொல்லியிருக்கிறோம். ஆங்கிலத்திலும் பட்டாளத்துக்கும் ஆட்டத்துக்கும் இந்த ஒரே சொல்தான்.

இதற்கு முந்தைய தலைமுறைச் சொல் ஒன்றும் உண்டு: உத்தி பிரித்தல். இருவர் தோளில் கைபோட்டு ஒதுங்கிப்போய், தமக்குள் தாமரை, மல்லிகை என்று பெயர் வைத்துக்கொண்டு வந்து, ‘தாமரை வேண்டுமா, மல்லிகை வேண்டுமா?’ என்று தலைவனைக் கேட்பார்கள். என் அம்மா ஊரில் நானும் அப்படிப் பிரிந்து ஆடியிருக்கிறேன்.

18 மே
ம.சா., மதுரை

கி. தம்பி நினைவூட்டியது அரிய செய்தி. உத்தி என்பது யுக்தியின் திரிபு என்று பலரும் எழுதிவிட்டார்கள். தொல்காப்பியம் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளுக்கு அது பொருந்தலாம். ஆனால் விளையாட்டு உத்தி வேறு என்பது என் துணிபு. ஒத்த வலிமையுள்ள இருவர் இணையாக வருவதால் ‘ஒத்தி’. அதுவே உத்தி ஆயிற்று. நெல்லைப் பக்கத்திலோ இராமநாதபுரத்திலோ யாராவது ‘ஒத்தி பிரித்தல்’ என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்டவர் இருந்தால் தனிமடலிலாவது எழுதுங்கள்.

குலுக்கல் என்றும் வ. அம்மா சொன்னார்கள். அதற்குக் குடவோலை இருக்கிறது. அகநானூறு 77ஆம் பாட்டில் ‘கயிறுபிணிக் குழிசி’, அதாவது கயிற்றால் கட்டிய குடம், வருகிறது. சோழர் காலத்து உத்திரமேரூரில் முப்பது குடும்புகள், அதாவது ஊர்ப் பகுதிகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். என்பிஏவிலும் முப்பது அணிகள் என்று பேரன் சொன்னான்.

18 மே
வ., ஸ்கார்பரோ

ஐயா, குடவோலை குலுக்கலுக்குப் பொருந்தும், டிராஃப்டுக்குப் பொருந்தாது. இரண்டும் வேறு வேறு. குலுக்கல் வரிசையை மட்டும் முடிவு செய்கிறது. பொறிக்குள் ஒன்று முதல் பதினான்கு வரை எண்ணிட்ட பந்துகள் சுழல்கின்றன, நான்கை எடுக்கிறார்கள். அப்படி 1001 சேர்க்கைகள் வரும். ஒன்றை ஒதுக்கிவிட்டு 1000ஐ, பருவத்துக்குப் பின் வரும் கோப்பைச் சுற்றுக்குத் தகுதி பெறாத 14 அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140. இந்த ஆண்டு டல்லஸுக்கு இருந்தது 18தான். அதற்கே முதலிடம் விழுந்தது. இது அதிர்ஷ்டம்.

ஆனால் டிராஃப்ட் அதிர்ஷ்டம் அல்ல. ஆளைத் தெரிந்து எடுப்பது. அந்தக் காரணத்தால் உத்தியும் பொருந்தாது. தாமரை யார், மல்லிகை யார் என்று தலைவனுக்குத் தெரியாதே.

2021 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்களுக்கு நான்காமிடம். கைல் லவுரியின் ஒப்பந்தம் முடியும் நேரம். பந்தை நடத்திச் செல்ல ஆள் வேண்டும். ஆகவே ஜேலன் சக்ஸ் என்று பெரும்பாலான கணிப்புகள் எழுதின. என் மகன் தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சக்ஸ், சக்ஸ் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஸ்காட்டி பார்ன்ஸ் என்று வாசித்தார்கள். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் பார்ன்ஸ்தான். தேவை பார்த்து எடுப்பதா, திறமை பார்த்து எடுப்பதா என்ற இந்த இழுபறியைத்தான் பிள்ளைகள் எழுத ஆசைப்படுகிறார்கள்.

19 மே
ம.சா., மதுரை

‘இதனை இதனால் இவன்முடிக்கும்’ என்ற 517ஆம் குறள் இதற்கு முடிவு சொல்லிவிட்டது. முதலில் ‘இதனை’, பிறகுதான் ‘இவன்’. தேவையே முதல்.

19 மே
கி., கோயம்புத்தூர்

ஐயா, 1984இல் போர்ட்லாண்ட் அப்படித்தான் செய்தது. முந்தைய ஆண்டே கிளைடு டிரெக்ஸ்லரை எடுத்துவிட்டார்கள். அதே இடத்தில் ஆடும் இன்னொருவர் எதற்கு, உயரமான ஆள்தான் குறை என்று இரண்டாமிடத்தில் சாம் பூயியை எடுத்தார்கள். மூன்றாமிடத்தில் சிகாகோ மைக்கேல் ஜோர்டனை எடுத்தது. குறள் பணியை ஒப்படைக்கிற அரசனுக்குச் சொன்னது. பத்தொன்பது, இருபது வயதுப் பையன் நான்கு ஆண்டுகளில் என்னவாக வளர்வான் என்பது வேறு கேள்வி. தேவைக்கு எடுப்பு, திறமைக்கு எடுப்பு என்று நேராக எழுதுங்கள். குறைக்கு அணித்தேவை போதும்.

21 மே
தே., யாழ்ப்பாணம்

ஒரு சிக்கலை யாரும் தொடவில்லை. ஆங்கிலத்தில் ‘பிக்’ என்பது மூன்று பொருளில் வருகிறது: எடுக்கும் செயல், எடுக்கப்பட்ட வீரர், எடுக்கும் உரிமை. மூன்றாவதை அணிகள் விற்கின்றன, மாற்றிக்கொள்கின்றன. 2013இல் புரூக்ளின், கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் பெறுவதற்காகப் பாஸ்டனுக்கு வருங்காலத்து முதல் சுற்றுகளைக் கொடுத்தது. அவற்றின் வழியாகவே பிற்பாடு ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். இதை ‘2016 ஆளெடுப்பைக் கொடுத்தது’ என்று எழுத முடியுமா? தெரிவுரிமை என்றால் ஒரே சொல்லில் முடிகிறது. தெரிவு, தெரிவானவர், தெரிவுரிமை. கிளைவிடுகிற சொல்லே கலைச்சொல்.

22 மே
பா., பெங்களூரு

இதை ஏற்கிறேன். ஏலத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்னொன்று: வீரர்களை அளக்கும்போது இரு கைகளையும் விரித்து விரல்நுனி முதல் விரல்நுனி வரை எடுக்கும் அளவுக்கு என்ன சொல்? கைவிரிப்பு என்று எழுதினேன். ‘டொராண்டோ கைவிரிப்பைப் பார்க்கிறது’ என்றால் உதவி மறுத்துவிட்டார்கள் என்று படிக்கிறார்கள்.

22 மே
செ., குளச்சல்

மார். கிணற்றுக் கயிறு எத்தனை மார் என்று இங்கே இன்றும் கேட்பார்கள். இரண்டு கையையும் விரித்து நெஞ்சோடு சேர்த்து அளப்பது. கடலில் ஆழம் சொல்லும்போது பாகம் என்போம். அதுவும் அதே அளவு. சாதாரண ஆளுக்கு மாரும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. உயரத்தைவிட மார் நீண்ட பையன்தான் உங்களுக்கு வேண்டியவன்.

22 மே
ம.சா., மதுரை

அருமை. மறுப்பே இல்லை.

22 மே
கி., கோயம்புத்தூர்

நாளையிலிருந்து என் திடலில் மார்தான்.

2 ஜூன்
ந., சென்னை

விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் மாக் டிராஃப்டுக்கு ஒன்று சொல்கிறேன். கிரிக்கெட் ஆட்டத்துக்கு முந்தின நாள் ‘உத்தேச அணி’ என்று பதினொரு பெயர் போடுகிறோம். யாரும் பொருள் கேட்டதில்லை. உத்தேசத் தெரிவு என்று எழுதுங்கள்.

3 ஜூன்
ம.சா., மதுரை

தம்பி, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புதிதாக ஒரு சொல் கொடுக்கப்போகிறோம். கொடுக்கும்போதே வடசொல்லா? உத்தேசத்தில் எந்தத் தமிழ் வேர் அந்தக் குழந்தைக்குக் கையில் அகப்படும்? கணி என்ற வேர் கொடுங்கள்; கணிப்பு, கணிதம், கணினி, கணியன் பூங்குன்றன் என்று நூல் பிடித்துக்கொண்டு அவளே நடப்பாள்.

3 ஜூன்
ந., சென்னை

ஐயா, நான் இரவு பதினொரு மணிக்குத் தலைப்பு எழுதுகிறவன். காலையில் டீக்கடையில் அதைப் படிப்பவர் வேரைத் தேடமாட்டார். அவருக்குப் புரியாத தமிழ் எனக்குத் தமிழாகப் படவில்லை. கணிப்பு என்று மட்டும் எழுதினால் எந்தக் கணிப்பு என்று கேள்வி வரும். தேர்தல் கணிப்பும் உண்டு, வானிலைக் கணிப்பும் உண்டு. இதில் யூகம் மட்டும் இல்லை. முழு நிகழ்ச்சியையும் தாளில் நடத்திப் பார்க்கிறார்கள்.

4 ஜூன்
தே., யாழ்ப்பாணம்

அப்படியானால் தெரிவு ஒத்திகை?

4 ஜூன்
கி., கோயம்புத்தூர்

ஒத்திகை பார்ப்பவர் பிறகு மேடையில் ஏறவேண்டும். கணிப்பு எழுதுகிறவர் எந்த அணிக்கும் ஆள் எடுப்பதில்லை.

19 ஜூன்
வ., ஸ்கார்பரோ

நாளை அச்சு. ஒரு மாதத்துக்கு மேல் பேசியதில் பெரும்பாலோர் தெரிவு, தெரிவுரிமை, தெரிவுக் கணிப்பு, அணித்தேவை, மார் என்ற பக்கம் நிற்கிறார்கள். அப்படியே வைத்துவிட்டேன். சென்டருக்கு ‘நடு ஆட்டக்காரர்’. சொல் முதன்முதலாக வரும் இடத்தில் மட்டும் ‘டிராஃப்ட் எனப்படும் தெரிவு’ என்று எழுதியிருக்கிறேன்.

19 ஜூன்
கி., கோயம்புத்தூர்

ஏற்கவில்லை. இங்கே ஒரு பையன் தெரிவு என்று பார்த்தால் தெளிவு என்பதன் அச்சுப்பிழை என்றே நினைப்பான். நான் ஆளெடுப்பு என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.

27 ஜூன்
வ., ஸ்கார்பரோ

ஒன்பதாமிடத்தில் டொராண்டோ காலின் மரே-பாய்ல்ஸை எடுத்தது. என் பதினொரு பேரில் இரண்டு பேர் அவர் பெயரை எழுதியிருந்தார்கள். நடுவர் வேண்டும் என்று எழுதியவன் அந்த இருவரில் இல்லை. ‘உயரமான நடு ஆட்டக்காரர் இன்னும் அணித்தேவைதான்’ என்று எனக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறான்.

28 ஜூன்
ம.சா., மதுரை

பையனுக்கு என் வாழ்த்து. சொற்பட்டியலைத் தொகுக்கும்போது தெரிவு என்பதற்கு எதிரே வரைவு என்பதையும் இட்டுவையுங்கள். ‘ஒத்தி பிரித்தல்’ பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை, காத்திருக்கிறேன்.