பொலன்னறுவை அரை நாள், தனி கார்: டிரைவரிடம் என்ன பேசுவது, எதைப் பார்ப்பது?

கோவைப் பயணி (கேள்வி):
ஆகஸ்டில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். நான்கு பேர். அப்பாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. ஹபரணையில் தங்குகிறோம். ஒரு காலைப் பொழுதில் பழைய தலைநகரான பொலன்னறுவையின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும், சாயங்காலம் மின்னேரியாவில் யானை பார்க்க ஜீப். காரும் டிரைவரும் பேசும்போது எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்? கைடு தனியாக வேண்டுமா? எந்த வரிசையில் போனால் அப்பாவுக்கு நடை குறையும்? சோழர் சம்பந்தப்பட்டது எதுவும் விட்டுப்போகக் கூடாது.

மட்டுநகரான்:
ஹபரணையிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். காலை ஆறரைக்கு வெளிக்கிடுங்கள். பத்தரைக்குப் பிறகு அந்தக் கற்தரையில் வெறுங்காலோடு நிற்க ஏலாது.

போக வர 90, உள்ளே சுற்ற 15 என்று பாருங்கள். 105 கிலோமீற்றர் ஓட்டம், ஆறு மணித்தியாலம், காத்திருப்பு, ஏசி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கதைத்து, அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் பேசிய இடத்தில்தான் "வெயிட்டிங் தனி" என்று கடைசியில் பிரச்சினை வரும். நுழைவுச்சீட்டு அந்தத் தொகையில் இருக்காது.

மரச்சிற்பக் கடை, மசாலாத் தோட்டம், இரத்தினக்கல் கடை ஒன்றும் வேண்டாம் என்று ஏறும்போதே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கடைக்காரர் சாரதிக்குக் கமிஷன் கொடுப்பது வழமை. ஒரு கடைக்குள் இறங்கினாலே முக்கால் மணித்தியாலம் போய்விடும், அரை நாளில் அது பெரிய நட்டம்.

சாரதி வேறு, வழிகாட்டி வேறு. வழிகாட்டி அனுமதிப்பத்திரம் இல்லாத சாரதி வாகனத்தோடுதான் நிற்பார், உள்ளே வந்து விளக்கம் சொல்ல மாட்டார். விளக்கம் வேண்டுமென்றால் சீட்டு வாங்கும் இடத்தில் அனுமதி பெற்ற வழிகாட்டியைப் பிடிக்கலாம். கூலியை முதலே பேசுங்கள்.

இன்னொன்று. நுழைவுச்சீட்டு கொடுப்பது பராக்கிரம சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் கரையோரம் இருக்கும் அருங்காட்சியகத்தில். நேரே வாசலுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். சார்க் (இந்தியா உள்ளிட்ட தெற்காசிய) நாட்டுக்காரருக்குக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் பாஸ்போட்டின் அசலைக் காட்ட வேண்டும், ஃபோனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். சீட்டை எறிந்துவிடவும் வேண்டாம், உள்ளேயும் கேட்பார்கள்.

செங்கல்:
நடையைப் பற்றி. உள்ளே எல்லாம் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. ஓர் இடத்தில் இறங்கி எல்லாவற்றையும் நடந்து முடிக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பார்க்கிங்கிலும் இறங்கும்போது அடுத்து எங்கே ஏறுவோம் என்று டிரைவரிடம் பெயர் சொல்லிவிடுங்கள். இது பேசாமல் விட்டால் பார்த்த வழியே திரும்பி நடக்க வேண்டிவரும். அப்பாவின் முழங்காலுக்கு அதுதான் வினை.

பராக்கிரமபாகு மன்னனின் அரண்மனையை இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். சுவர் மூன்று மீட்டர் தடிமன், பார்க்க வேண்டியது அதுதான். அடுத்தது தளதா மளுவ என்கிற நாற்சதுர முற்றம், இதற்கு முழுதாக ஒரு மணி நேரம் கொடுங்கள். நிழல் குறைவு, ஆகவே வெயில் ஏறுமுன் இது முடிந்திருக்க வேண்டும். அங்கே வட்டதாகே என்ற வட்டவடிவக் கட்டடத்தின் படியின் அடியில் உள்ள சந்திரவட்டக் கல்லைக் (செதுக்கிய அரைவட்டக் கல்) குனிந்து பாருங்கள். அனுராதபுரத்துக் கற்களில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் இருக்கும். இங்கே எருது இல்லை. சைவர்களுக்கு நந்தி என்பதால் மிதிபடும் இடத்தில் வைக்கவில்லை என்று விளக்கம் சொல்வார்கள். பக்கத்தில் கல் பொத்த: எட்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒற்றைக் கல், நிசங்க மல்லன் என்ற மன்னன் வெட்டவைத்த கல்வெட்டு.

பிறகு காரில் லங்காதிலக என்ற உயரமான செங்கல் சிலைமனை, அங்கிருந்து காரிலேயே கல் விகாரை. அங்குள்ள நான்கு சிலைகளும் ஒரே பாறையில் குடைந்தவை. கிடக்கும் புத்தர் 14 மீட்டர், நிற்பவர் 7 மீட்டர். தலைக்கடியில் இருக்கும் தலையணை அமுங்கியிருப்பதைக் கருங்கல்லில் காட்டியிருக்கிறான் சிற்பி, அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ரங்கொத் விகாரை என்ற பெரிய தாதுகோபத்தைக் காரிலிருந்தே பார்த்தால் போதும். திவங்க சிலைமனையில் ஓவியங்கள் அருமை, ஆனால் வடக்குக் கோடியில் இருக்கிறது. பதினொன்றரை தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள்.

செருப்பும் தொப்பியும் பல இடங்களில் கழற்ற வேண்டும். வாருள்ள ஷூ வேண்டாம், சுலபமாகக் கழற்றும் செருப்பு போதும். ஆளுக்கொரு ஜோடி தடித்த சாக்ஸ் கொண்டுபோங்கள், சூட்டுக்கு அதுதான் மருந்து. தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள், காவலர் உடனே தடுப்பார். குரங்குகள் ஏராளம், தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டு நடக்க வேண்டாம்.

கல்வெட்டுக்காரன்:
சோழர் என்று கேட்டதற்கு. 993 வாக்கில் இராசராசன் படை அனுராதபுரத்தை வீழ்த்திய பிறகு தலைநகராக அமைந்தது இந்த ஊர்தான், பெயர் ஜனநாதமங்கலம். 1070இல் சிங்கள மன்னன் விஜயபாகு மீட்கும் வரை சோழர் கையில் இருந்தது.

நாற்சதுர முற்றத்துக்கும் ரங்கொத் விகாரைக்கும் நடுவே இருக்கிறது இரண்டாம் சிவ தேவாலயம். டிரைவர்கள் பலர் நிறுத்தாமல் போய்விடுவார்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். கல்வெட்டில் இதன் பெயர் வானவன் மாதேவி ஈச்சரம். இராசேந்திரனின் தாயார் பெயரில் எழுந்த கோயில். நகரத்து மற்ற இடிபாடுகள் பெரும்பாலும் செங்கல். இது அடி முதல் சிகரம் வரை கல், அதனால்தான் இன்றும் முழுதாக நிற்கிறது. கருவறையில் லிங்கம் உண்டு. சுவரில் தமிழ் எழுத்துகள் தேய்ந்து மங்கலாகத் தெரியும்; நேராக ஒளி பாய்ச்சாமல் ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் சுவரை ஒட்டிப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். தொட்டுத் தேய்க்க வேண்டாம்.

நாற்சதுர முற்றத்தில் அடதாகே என்ற பழைய பல் கோயில் பக்கம் நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டும் தமிழ்தான். 12ஆம் நூற்றாண்டு. புத்தரின் பல் வைத்திருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்ற கூலிப்படை ஏற்றதைச் சொல்கிறது. ஒரு பௌத்தப் புனித இடத்தின் காவல் ஆவணம் தமிழில் நிற்பதைப் பார்க்காமல் நம்மவர்கள் திரும்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அருங்காட்சியகத்தைக் கடைசியாக வையுங்கள். வெயில் உச்சியில் நிழலில் நிற்கலாம், சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலச் சிலைகளையும் பார்க்கலாம்.

கோவைப் பயணி:
மிக்க நன்றி. ஜீப்பையும் இதே டிரைவரிடம் சொல்லிவிடலாமா?

மட்டுநகரான்:
சொல்லலாம், ஆனால் எந்தப் பூங்கா என்பதை அன்று காலை முடிவெடுங்கள். மின்னேரியாக் குளத்தில் நீர் வற்றும்போது கரையில் புதுப்புல் முளைக்கும், யானைகள் வருவது அதற்காக. குளம் நிறைந்திருந்தால் புல் இருக்காது, யானைகள் பக்கத்துக் கவுடுல்ல பூங்காவுக்குப் போயிருக்கும். முதல் நாள் ஓடிய ஜீப்காரருக்கு அது தெரியும். பொலன்னறுவையிலிருந்து மதியம் ஒரு மணிக்கு முன்னர் ஹபரணைக்கு வந்துவிட்டால் அப்பா ஒரு மணித்தியாலம் படுத்து எழும்பி, மூன்று மணி ஜீப்புக்குத் தயாராகலாம்.