சாக்கே மஞ்சளாகிவிட்டது, வழி சொல்லுங்கள்

கன்னியாகுமரியில் எஃப்எல்-3 என்ற மது உரிமம் உள்ள ஒரு ஹோட்டல் பாரில் ஸ்டாக் பொறுப்பு என்னுடையது. மார்ச்சில் சாக்கே என்ற ஜப்பான் அரிசி மது 12 பாட்டில் வந்தது. 720 மில்லி, 15 சதவீதம் ஆல்கஹால், நிறமில்லாத கண்ணாடி. மே மாதம் பார்த்தால் இளமஞ்சள். மூடியைத் திறந்ததும் பழைய ஊறுகாய் வாடை, நாக்கில் சோயா சாஸ் மாதிரி ஒரு கனம். பக்கத்தில் இருந்த சிவப்பு ஒயின் நன்றாகவே இருக்கிறது.

அலமாரியில் மாலை வெயில் விழும். கறுப்புத் துணி கட்டினேன், அப்புறம் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் 5 டிகிரியில் வைத்தேன். நிறம் அதோடு நின்றது, வாடை போகவில்லை. சூடுபடுத்தி அடைத்த சரக்கு, கெடாது என்கிறார் கம்பெனி ஆள். விருந்தாளிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

இதைச் சமையலறையில் நெய்மீன் ஊறவைக்கக் கொடுக்கலாமா, கொட்டித்தான் ஆகவேண்டுமா?