‘எலுமிச்சை அளவு புளி’: எந்த ஊர் எலுமிச்சை?

கொரட்டூர் குமரன்
தீபாவளிக்கு அதிரசம் போடலாம் என்று ஒரு சமையல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாகு பதம் வந்ததும் இறக்கி மாவில் கொட்டிக் கிளற வேண்டுமாம். என்ன பதம், எப்படித் தெரியும், ஒரு வார்த்தை கிடையாது. எண்ணெயில் போட்ட முதல் அதிரசம் அப்படியே கரைந்து, கசடாகி, அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மீதி மாவு டப்பாவில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.
என் கட்சி இதுதான்: வீட்டுச் சமையலுக்கு எழுதும் புத்தகத்தில் கிராம், மில்லி, நிமிஷம் மூன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்பு. என்னைப் போன்றவனுக்கு உதவாது.

மாயவரத்து மாமி
குமரா, கோபப்படாதே. நீ வெல்லத்தைக் கிராம் சுத்தமாக எடை போட்டிருந்தாலும் இதே கதிதான். ஒரு கடை வெல்லம் மாதிரி இன்னொரு கடை வெல்லம் இருக்குமா? ஒன்றில் ஈரம் அதிகம், ஒன்றில் மண் அதிகம். நிமிஷக் கணக்கு எங்கே நிற்கும்?
ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொள். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு அதில் விடு. கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. விரலால் திரட்டினால் திரண்டு, வெளியே எடுத்து உருட்டினால் மெத்தென்று உருண்டை நின்றால் அதிரசத்துக்குச் சரி. அதே உருண்டையைத் தட்டில் போட்டால் ‘ணங்’ என்று கேட்கிறதா, அது கடலை உருண்டைக்கான பதம். இதைத்தான் புத்தகம் எழுதியிருக்க வேண்டும். கிராமை அல்ல.

தராசுத் தம்பி
மாமி, தெர்மாமீட்டர் என்று ஒன்று இருக்கிறது. சர்க்கரைப் பாகு நீங்கள் சொல்லும் மெத்தென்ற உருண்டைக்கு வருவது சுமார் 112 முதல் 116 டிகிரி செல்சியஸுக்குள். எழுதுவதற்கு ஒரு வரி போதும்.

மாயவரத்து மாமி
சர்க்கரைக்குச் சொல்கிறாய், நான் வெல்லத்துக்குச் சொல்கிறேன். அப்புறம், கால் கிலோ வெல்லத்தைப் பாகு வைத்தால் உன் கருவியின் முனைகூட முழுகாது. கிண்ணத்துத் தண்ணீர் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

தராசுத் தம்பி
சரி, பாகை விட்டுவிடுகிறேன். புளிக்கு என்ன சொல்வீர்கள்? எல்லாப் புத்தகத்திலும் ‘எலுமிச்சை அளவு புளி’. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூன்று பேரிடம் புளியைக் கொடுத்து, எலுமிச்சை அளவு உருட்டித் தாருங்கள் என்றேன். அம்மா உருட்டியது 22 கிராம். அத்தை 30. அப்பா 41! அப்பா மனத்தில் இருப்பது சாத்துக்குடியோ என்னமோ. ஒரே வத்தக்குழம்பு, ஒரே வீடு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். உப்பும் இப்படித்தான். ஒரு ஸ்பூன் தூள் உப்பும் ஒரு ஸ்பூன் கல் உப்பும் ஒரே எடை இல்லை. எந்த உப்பு என்று யாராவது எழுதுகிறார்களா?

மாயவரத்து மாமி
உன் அப்பாவிடம் புளியைக் கொடுத்தது உன் தப்பு. அதோடு, பழம்புளியும் புதுப்புளியும் ஒரே புளிப்பா? 30 கிராம் என்று போட்டாலும் கரைசலை நாக்கில் வைத்துப் பார்க்காமல் விட முடியாது. எங்கள் பாட்டி காலத்தில் எல்லாம் கை அளவு, கண் அளவுதான்.

பரண்மேல் புத்தகம்
கை அளவுதான் நம் மரபு என்று சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. தமிழில் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பிய புத்தகம் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951இல் வந்தது. அது பேர் வாங்கியதே எதற்கு எவ்வளவு என்று அளவு போட்டு எழுதியதால்தான். பக்கத்தில் பாட்டியோ மாமியாரோ இல்லாத பெண்ணும் அதை வைத்துக்கொண்டு சமைக்க முடிந்தது.
வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தகத்தில் வரும் ஆழாக்கு என்ற பழைய முகத்தல் அளவு இன்று புதிர் ஆகிவிட்டது. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது, படியும் பலமும் மெல்ல வழக்கொழிந்தன. ஒரு பலம் என்றால் சுமார் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆழாக்கு சுமார் 168 மில்லி. அமெரிக்கக் கப் 240 மில்லி. அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்றால் எந்தப் பாத்திரத்தில் அளந்தாலும் இட்லி வரும், விகிதம் மாறாது. ஆனால் பருப்பைக் கப்பில் அளந்துவிட்டு, புளியையும் உப்பையும் பழைய கணக்கில் போட்டால் சாம்பார் சப்பென்றுதான் இருக்கும்.

கொரட்டூர் குமரன்
அப்படி வாருங்கள் அண்ணா! அளவு வேண்டும் என்றுதானே நானும் கத்துகிறேன்.

சாத்தூர் செல்வி
ரெண்டு பக்கமும் இனிப்பிலும் வத்தக்குழம்பிலுமே நிற்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறிக்குழம்பு. புத்தகம் சொல்வது ‘நாலு விசில்’. எந்தக் குக்கரில் நாலு? என் மூணு லிட்டர் குக்கர் நாலு விசிலைப் பட்டாசு மாதிரி அடித்து முடித்துவிடும், அஞ்சு லிட்டர் ஒன்றுக்கே மூச்சு வாங்கும். இளங்கறியா முத்தல் கறியா என்றும் கேட்பதில்லை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறை, அப்புறம் இத்தனை நிமிஷம், திறந்து பார், எலும்பிலிருந்து கறி விட்டு வராவிட்டால் இன்னும் அஞ்சு நிமிஷம் வை. இப்படி எழுதினால் எனக்குப் போதும். இதில் தம்பி கேட்ட நிமிஷமும் இருக்கிறது, மாமி கேட்ட பதமும் இருக்கிறது.
எனக்கு ஆயிரம் குறிப்பு வேண்டாம். அதில் தொள்ளாயிரத்தை நான் தொடவே போவதில்லை. நூறு போதும். ஒவ்வொன்றிலும் எது முந்தின ராத்திரியே செய்து வைக்கலாம், எங்கே கெட்டுப்போகும், கெட்டால் என்ன செய்யலாம் என்று இருக்கட்டும். கெட்டுப்போவதைப் பற்றி எழுத மட்டும் யாருக்கும் மனசே வருவதில்லை. அப்புறம் பைண்டிங். மேடையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும் புத்தகத்தை எண்ணெய்க் கையோடு எத்தனை தடவை பிரிப்பது?

தராசுத் தம்பி
படம்? பளபளவென்று பக்கத்துக்கு ஒன்று?

சாத்தூர் செல்வி
முடிந்த குழம்பின் படத்தை வைத்து நான் என்ன செய்ய? வெங்காயம் எந்த நிறத்தில் இருக்கும்போது தக்காளி போட வேண்டும், அந்தப் படம் ஒன்று போடச் சொல்லுங்கள்.

மாயவரத்து மாமி
செல்வி சொன்ன மாதிரி ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். குமரா, அந்த மாவைக் கொட்டிவிட்டாயா? கொட்டாதே. பாகு இளசாகப் போய்விட்டது, அவ்வளவுதான். கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து, ஒரு நாள் மூடி வை. நாளைக்கு ஒன்றே ஒன்று மட்டும் போட்டுப் பார். பிரிந்தால் இன்னும் ஒரு கை மாவு. கெட்டியாகிவிட்டால் பால் துளி தெளித்துப் பிசைந்துகொள்.

தராசுத் தம்பி
‘கொஞ்சம்’, ‘ஒரு கை’…

கொரட்டூர் குமரன்
ரிப்போர்ட்: மாவு சேர்த்துப் பிசைந்து ஒரு நாள் வைத்தேன். முதல் அதிரசம் ஓரத்தில் லேசாகப் பிரிந்தது. இன்னும் கொஞ்சம் சேர்த்தேன், மற்றது எல்லாம் நின்றது. சேர்த்ததை எடை போட்டுத்தான் சேர்த்தேன், மொத்தம் 60 கிராம். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டேன். மாமி, அடுத்த தடவைக்கு ஒரு சந்தேகம்: அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் எவ்வளவு?

மாயவரத்து மாமி
ஒரு காப்பி டம்ளர். எங்கள் வீட்டு டம்ளர்.